ஊசி உடையும் வரைக்கும் ஓட்டலாமா? நீங்கள் எப்போது மாற்றுகிறீர்கள்?

புளியரை தையல்

எல்லோருக்கும் வணக்கம். புளியரையில் வீட்டிலேயே தைக்கிறேன். அம்மா வைத்திருந்த கருப்பு மிஷின்தான், நான்கு வருடம் முன்னால் மோட்டார் போட்டேன். ஜூன் 1-ஆம் தேதி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், ஆரியங்காவு, தென்மலை பிள்ளைகளுக்கு இங்கேதான் தைக்கக் கொடுப்பார்கள், அதனால் மே மாதம் முழுக்க யூனிஃபார்ம்தான் ஓடும். இந்த முறை பினஃபோர் மட்டும் 40.

இடுப்பில் மடிப்பெல்லாம் சேர்ந்து நான்கு ஐந்து அடுக்காக வரும் இடத்தில் தையல் விட்டு விட்டு விழுந்தது. மூன்று தையல் சரியாக விழும், நான்காவது நீளமாகப் போய்விடும். மேல் நூலின் டென்ஷனை (இழுவையை) இறுக்கினேன், தளர்த்தினேன், பாபின் கேஸ் திருகைத் திருகினேன், நூல்கண்டை மாற்றினேன், எண்ணெய் விட்டேன். எதுவும் கேட்கவில்லை. ஒரு கடையில் இருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு ஷட்டில் (அடியில் நூலைக் கொக்கிபோட்டுப் பிடிக்கிற பாகம்) தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும் என்று சொல்லி, பார்த்த கூலி மட்டும் 300 வாங்கிக்கொண்டு போனார்.

அதே நேரத்தில் இன்னொன்று நடந்தது. ஆரியங்காவு சேச்சி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு என்று கசவு (ஜரிகைக் கரை) செட் சேலைக்கு பிளவுஸ் கொடுத்திருந்தார். உள்ளே சாட்டின் லைனிங். தைத்து முடித்துப் பார்த்தால் தையல் ஓரமாக ஒரு நூல் இழுத்துக்கொண்டு கோடு கோடாகத் தெரிகிறது. என் காசில் லைனிங் வாங்கி மறுபடி தைத்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்போதுதான் யோசித்தேன், ஊசியை எப்போது மாற்றினேன் என்றே நினைவில்லை. பொங்கலுக்கு முன்னால் இருக்கலாம். அம்மா ஊசி உடைந்தால்தான் வேறு போடுவார், நானும் அப்படியே பழகிவிட்டேன். உடையாத ஊசியை எதற்கு மாற்றுவது, மாற்றவேண்டும் என்றால் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செங்கோட்டை பழைய தையல்

தங்கச்சி, முதலில் ஷட்டிலில் கை வைக்காதே. ஊசியை மாற்றிப் பார்த்த பிறகு ஷட்டிலைப் பற்றிப் பேசலாம்.

நான் 1981-ல் இருந்து தைக்கிறேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் முதல் மாதம் என்னை மிஷினில் உட்காரவே விடவில்லை, பக்கத்தில் நின்று சத்தம் கேள் என்றார். நல்ல ஊசி துணிக்குள் போகும்போது தனியாக ஒரு சத்தமும் வராது, மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். முனை மழுங்கிவிட்டால் ஒவ்வொரு குத்துக்கும் டப் டப் என்று கேட்கும், யாரோ விரலால் அட்டையைச் சுண்டுகிற மாதிரி. டெரிகாட்டனிலும் சாட்டினிலும் நன்றாகக் கேட்கும், மல் துணியில் அவ்வளவாகக் கேட்காது. அந்தச் சத்தம் வந்துவிட்டால் நான் அதற்குமேல் ஒரு ஜான்கூடத் தைக்கமாட்டேன்.

கழற்றின பிறகு ஊசி முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பார். அழுத்தாதே. நல்ல முனை வழுக்கிக்கொண்டு போகும், கெட்ட முனை நகத்தில் கீறும். சில சமயம் ஒரு பக்கம் இழுத்தால் தெரியாது, ஊசியை விரலுக்குள் உருட்டிக்கொண்டே நான்கு பக்கமும் பார்க்கவேண்டும், முனை ஒரு பக்கமாகத்தான் மடங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னக் கொக்கிதான் உன் சாட்டினில் நூலை இழுத்தது. சாட்டினில் நூல் மேலாக மிதந்துகொண்டு இருக்கும், கொக்கிக்கு அது போதும்.

---

குமுளி மலைக்காற்று

ஊசி 8 மணி நேரம் ஓடினால் மாற்றவேண்டும். அதுதான் பொதுவாகச் சொல்கிற கணக்கு. இல்லையென்றால் ஒரு பெரிய வேலை முடிந்தால் ஒரு ஊசி. பொங்கலுக்குப் போட்ட ஊசியில் மே மாதம் 40 பினஃபோர் என்றால் அது பாவம் அக்கா, நிறையவே உழைத்துவிட்டது.

---

மார்த்தாண்டம் மெக்கானிக்

8 மணி என்பதை எல்லோரும் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அது கடை திறந்திருந்த 8 மணி இல்லை, ஊசி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்த 8 மணி. தைக்கிறவர் வெட்டுவார், மடிப்பார், பின் குத்துவார், நூல் கத்தரிப்பார், வாடிக்கையாளரோடு பேசுவார். மிஷின் உண்மையில் ஓடுவது அதில் கொஞ்ச நேரம்தான். நான் நேரத்தை எண்ணமாட்டேன், குத்தை எண்ணுவேன். மோட்டார் போட்ட வீட்டு மிஷின் நிமிடத்துக்கு 800 குத்து என்று வைத்தால் 8 மணிக்கு 3,84,000 குத்து. காலால் மிதித்து நிமிடத்துக்கு 300 என்றால் அதே குத்து வருவதற்கு 21 மணிக்குமேல் ஆகும். வேகமாக ஓடுகிற தொழில் மிஷின், அதாவது பவர் மிஷின், நிமிடத்துக்கு 4,000-ல் ஓடினால் ஒன்றரை மணியைத் தாண்டும்போதே முடிந்துவிடும். புளியரை அக்காவின் அம்மா காலால் மிதித்த காலத்தில் ஊசி மாதக்கணக்கில் வந்திருக்கும், அதில் தப்பில்லை. மோட்டார் வந்த பிறகும் அதே பழக்கத்தில் இருந்ததுதான் பிரச்சினை.

அடுத்து, மடிப்பில் ஏன் தையல் விடுகிறது. ஊசி கீழே போய்விட்டு மேலே திரும்பும்போது, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் எழும்பின இடத்தில், ஊசிக்குப் பின்னால் நூல் ஒரு கண்ணியாக விரியும். ஷட்டில் கொக்கியின் மூக்கு அந்தக் கண்ணிக்குள் நுழைந்தால்தான் தையல். மூக்குக்கும் ஊசிக்கும் நடுவில் மயிரிழை இடம்தான். மழுங்கின ஊசி நான்கு அடுக்குத் துணியில் நேராக இறங்காது, வளைந்து ஒதுங்கும். இன்னொன்று, துணியைச் சுத்தமாகக் குத்திக்கொண்டு போகாததால் திரும்பி வரும்போது துணியும் ஊசியோடு சேர்ந்து எழும்பும், துணி எழும்பினால் கண்ணி விரியாது. மூக்கு வெறும் காற்றைப் பிடித்துவிட்டுப் போய்விடும். டென்ஷன் திருகை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது, நல்ல டென்ஷனும் கெட்டுப்போவதுதான் மிச்சம். என்னிடம் வரும் பாதி மிஷினில் நான் செய்கிற முதல் வேலையே ஊசி மாற்றுவதும், திருகித் திருகிக் கலைந்துபோன டென்ஷனைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும்தான்.

ஊசி வளைந்திருக்கிறதா என்று பார்க்க, மேல்பக்கம் தடித்திருக்கிற தண்டின் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் உள்ள சந்து முனை வரைக்கும் ஒரே அளவாகப் போகவேண்டும். பவர் மிஷின் ஊசிக்குத் தண்டு உருண்டை என்பதால் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், முனை ஆடினால் வளைந்திருக்கிறது.

---

கம்பம் ஜென்ட்ஸ் டைலர்

நான் இதை ஒத்துக்கொள்ளமாட்டேன். என்னிடம் பவர் மிஷின் இருக்கிறது, ஒரே ஊசியில் மூன்று மாதம் சட்டை தைத்திருக்கிறேன், ஒரு தையல் விட்டதில்லை. 8 மணிக்கு ஒரு ஊசி என்றால் ஊசி வாங்கத்தான் சம்பாதிக்கவேண்டும். ஊசி விற்கிறவன் அப்படித்தான் சொல்வான்.

---

மார்த்தாண்டம் மெக்கானிக்

அண்ணே, என்ன துணி?

---

கம்பம் ஜென்ட்ஸ் டைலர்

காட்டன் சட்டைத் துணிதான். லினனும் வரும்.

---

மார்த்தாண்டம் மெக்கானிக்

அப்படியென்றால் நம்புகிறேன். காட்டன் ஊசியை மன்னிக்கும், முனை கொஞ்சம் மழுங்கினாலும் காட்டன் நூல் விலகி வழிவிடும். மூன்று மாதம் என்பது அதற்கும் அதிகம்தான், ஆனால் வெளியே தெரியாமல் ஓடலாம். ஒன்று செய்து பாருங்கள். தைத்த சட்டையின் தோள் தையலை வெளிச்சத்தில் பிடித்து லேசாக விரித்துப் பாருங்கள், ஊசித்துளை தைத்த நூலைவிடப் பெரிதாகத் தெரிகிறதா என்று. மழுங்கின ஊசி நூலை விலக்காது, அறுத்துக்கொண்டு போகும். அன்றைக்குத் தெரியாது, பத்துத் துவையலுக்குப் பிறகு அந்த வரிசையில் கிழியும். அப்போது வாடிக்கையாளர் துணி சரியில்லை என்று நினைத்துக்கொள்வார், நம்மிடம் வந்து சொல்லமாட்டார்.

பவர் மிஷினில் சூடும் ஒரு விஷயம். வேகத்தில் ஓடும்போது ஊசி நன்றாகக் கொதிக்கும். பாலியெஸ்டர் 260 டிகிரி வாக்கில் உருகும், உருகினது ஊசிக் கண்ணில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அறுந்துகொண்டே இருக்கும். நூல் மட்டமானது என்று நூல்கண்டைத் தூக்கிப் போடுவோம். உண்மையில் ஊசிக் கண்தான் கெட்டிருக்கும். ஒரு அடி நூலை ஊசிக்குள் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடித்தால் ஊசி தன் எடையிலேயே வழுக்கிக் கீழே வரவேண்டும். நடுவில் நின்றால் கண்ணில் பிசிறு இருக்கிறது.

---

கம்பம் ஜென்ட்ஸ் டைலர்

தோள் தையலைப் பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை, ஊசியை மாற்றிவிட்டேன். ஆனாலும் 8 மணிக்கு ஒருமுறை என்பது சட்டைக்கடைக்கு ஒத்துவராது, வாரம் ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன்.

---

கொழிஞ்சாம்பாறை ஆரி

நான் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை. கல்யாண பிளவுஸ்தான் முழுநேரமும், ஆரி வேலை செய்த துணியைத் தைத்து முடிப்பது. எனக்கு மணிக்கணக்கே இல்லை. ஊசி ஒரே ஒரு மணியில் பட்டால் போதும், கண்ணாடி மணியோ ஜர்தோசி சுருளோ, அந்த நிமிடமே முனை போய்விடும். பட்டதும் நிறுத்திவிட்டு மாற்றிவிடுவேன், சரியாகத்தான் இருக்கிறது என்று மனம் சொன்னாலும் மாற்றிவிடுவேன். பட்டுத்துணியில் விழுந்த ஓட்டை மூடாது.

புளியரை அக்கா, கசவு கரை மேல் தைக்கும்போதும் கவனம். ஜரிகை அடர்த்தியாக இருக்கும், கரை மேலேயே கழுத்தும் கை ஓரமும் வரும். நான் கசவு பிளவுஸுக்குப் புதிதாக 11-ஆம் நம்பர் மெல்லிய ஊசி போட்டுத்தான் ஆரம்பிப்பேன். ஓணத்துக்கு முந்தின பதினைந்து நாள் செட் சேலை பிளவுஸ் வரிசையாக வரும், அப்போது மூன்று பிளவுஸுக்கு ஒரு ஊசி. ஒரு ஊசியின் விலை ஒரு டீக்குக்கூட வராது, சேலையின் விலை நமக்கே தெரியும்.

நீங்கள் எத்தனை நம்பர் போட்டிருந்தீர்கள்? எல்லாவற்றுக்கும் 16 போட்டுவிடுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது.

---

புளியரை தையல்

ஆமாம், 16-தான். கடையில் ஊசி என்று கேட்டால் அதைத்தான் தருவார்கள், நானும் நம்பர் பார்த்து வாங்கியதில்லை.

---

செங்கோட்டை பழைய தையல்

சாட்டினுக்கு 16 என்பது கடப்பாரை. யூனிஃபார்ம் துணிக்கு 14 போதும், பேன்ட் இடுப்புப்பட்டைக்கும் ஜீன்ஸுக்கும் 16, சாட்டின், ஷிஃபான், மெல்லிய பட்டுக்கு 9 அல்லது 11. உறையில் 90/14 என்று இரண்டு நம்பர் போட்டிருக்கும். 90 என்றால் ஊசியின் கனம் 0.90 மில்லிமீட்டர், 14 என்பது பழைய கணக்கு, இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் ஊசி கிடைக்காது, தென்காசிக்குப் போகவேண்டும், அதனால் சாணைக்கல்லில் முனையைத் தீட்டித் தீட்டி ஓட்டினோம். நானும் பல வருடம் செய்திருக்கிறேன். பருத்திக்கு அது ஓடும். இப்போதும் சில பேர் பீங்கான் கோப்பையின் அடியில் தேய்த்துவிட்டுப் போடுகிறார்கள்.

---

மார்த்தாண்டம் மெக்கானிக்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன், இதில் மட்டும் மாறுபடுகிறேன். ஊசி மேல் ஒரு மெல்லிய முலாம் இருக்கும், தீட்டினால் அது போய்விடும், அப்புறம் நம் பக்கத்து ஈரத்துக்குச் சீக்கிரம் துரு பிடிக்கும். கையால் தீட்டின முனை நடுவிலும் நிற்காது, ஒரு பக்கமாகச் சாயும், சாய்ந்த முனை ஒவ்வொரு குத்திலும் ஊசியை அந்தப் பக்கம் தள்ளும். அப்படித் தள்ளின ஊசி கொக்கி மூக்கில் உரசினால் மூக்கில் கீறல் விழும். அப்போதுதான் உண்மையாகவே ஷட்டில் மாற்றவேண்டி வரும்.

---

செங்கோட்டை பழைய தையல்

சரி தம்பி. இப்போது ஊசி மூலைக்கு மூலை கிடைக்கிறது, தீட்டத் தேவையில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

---

குமுளி மலைக்காற்று

யூனிஃபார்ம் என்று சொன்னதால் இதை எழுதாமல் போக மனம் வரவில்லை. நான் திருப்பூரில் ஆறு வருடம் கார்மென்ட் கம்பெனி லைனில் உட்கார்ந்து தைத்தவள். அங்கே ஊசி நம் இஷ்டத்துக்கு எடுக்கமுடியாது, பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதிது தருவார்கள். உடைந்துவிட்டால் எல்லாத் துண்டும் கிடைக்கவேண்டும், துண்டுகளைச் சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டுவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டுத் துணி முழுக்கத் தனியாகப் போய் மெட்டல் டிடெக்டரில் ஓடவேண்டும். அப்போது எரிச்சலாக இருக்கும், பீஸ் குறையும். ஊருக்கு வந்து வீட்டில் தைக்க ஆரம்பித்து, என் பையன் சட்டைக் காலரில் ஒருமுறை முனை உடைந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடினேன். தையல் மடிப்புக்குள் இருந்தது.

ஊசி உடையட்டும், அப்புறம் மாற்றுவோம் என்று இருப்பதில் இதுதான் எனக்குப் பயம். உடையும்போது அது நம்மிடம் சொல்லிக்கொண்டு உடையாது, எங்கே தெறிக்கும் என்றும் தெரியாது. கண்ணிலும் படலாம். பிள்ளைகள் போடுகிற துணி. மிஷின் பக்கத்தில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, கழற்றின ஊசிக்கு மூடியுள்ள ஒரு டப்பா வைத்து, மூடியில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். குப்பையில் வெறுமனே போட்டால் எடுக்கிறவர்கள் கையில் ஏறும்.

---

நைட்டி களியக்காவிளை

குறுக்கே ஒரு கேள்வி. புது ஊசிதான், நகத்தில் கீறவில்லை, லெக்கிங்ஸ் துணியில் மட்டும் தையல் விடுகிறது. காட்டன் நைட்டியில் அருமையாக விழுகிறது. இதற்கும் ஊசியா?

---

மார்த்தாண்டம் மெக்கானிக்

இதற்கும் ஊசிதான், வேறு வகை போடவேண்டும். பின்னல் துணிக்கு முனை கூராக இருக்கக்கூடாது, உருண்டை முனை வேண்டும், அது கண்ணியை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும். கூர்முனை போட்டால் ஒரு கண்ணி அறுந்து, துவைத்ததும் ஏணி மாதிரி ஓடும். லைக்ரா கலந்தது என்றால் ஸ்ட்ரெச் ஊசி என்று கேட்டு வாங்குங்கள். ஆர்கன் கம்பெனி ஊசியில் எச்ஏ×1 எஸ்பி (HA×1SP) என்று இருக்கும், ஷ்மெட்ஸ் கம்பெனி ஊசியில் மேலே மஞ்சள் கோடு. அதே ஊசியை வைத்துச் சட்டைத் துணி தைக்காதீர்கள், தையல் நேர்கோடாக விழாது.

வாங்கும்போது உங்கள் மிஷினின் பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டு மிஷினுக்கு எச்ஏ×1, தண்டின் ஒரு பக்கம் தட்டை. பவர் மிஷினுக்கு டிபி×1 (DB×1), தண்டு உருண்டை. அதிலேயே தண்டு தடித்த டிபி×5 (DP×5) என்று ஒன்று உண்டு. நம்பர் மட்டும் சொல்லி மாற்றி வாங்கிவந்து, புது ஊசி போட்டும் சரியாகவில்லை என்று என்னைக் கூப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

---

புளியரை தையல்

எல்லோருக்கும் மிகுந்த நன்றி. நேற்று செங்கோட்டை போய் 11-லும் 14-லும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிவந்தேன். பழைய ஊசியைக் கழற்றி நகத்தில் இழுத்தேன், வெள்ளையாக ஒரு கோடே விழுந்தது. கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் முனைப் பக்கம் சந்து அகலமாக இருந்தது, வளைந்தும் இருக்கிறது. 14 போட்டு மிச்சமிருந்த பினஃபோர் மடிப்பில் ஓட்டினேன், ஒரு தையல்கூட விடவில்லை. ஷட்டிலுக்கு ஒன்றும் இல்லை. ஐயா சொன்ன டப் டப் சத்தம் நின்ற பிறகுதான், இத்தனை நாள் அது கேட்டுக்கொண்டே இருந்தது என்பது எனக்குப் புரிந்தது.

ஒரு சந்தேகம். புது பாக்கெட்டை எங்கே வைப்பது? இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது, மலையடிவாரம், ஆகஸ்ட் வரைக்கும் துணியே சரியாகக் காயாது. போன வருடம் ஸ்பாஞ்சில் குத்திவைத்த ஊசியெல்லாம் சிவந்துவிட்டது.

---

செங்கோட்டை பழைய தையல்

ஸ்பாஞ்சில் குத்தவே குத்தாதே, அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வந்த உறையிலேயே இருக்கட்டும், அந்த உறையை இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டு, துணிக்கடைப் பையில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டைக் கூடவே போடு. மிஷினில் மாட்டியிருக்கிற ஊசிக்கு, ராத்திரி வேலை முடித்து மிஷினை விட்டு எழுந்திருக்கும்முன் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. காலையில் முதல் பத்துத் தையலைக் கழிவுத்துணியில் ஓட்டிவிட்டு அப்புறம்தான் வேலையை வை, இல்லாவிட்டால் கசவில் எண்ணெய்க் கறை விழும்.

மாட்டும்போது தண்டு மேலே முட்டுகிற வரைக்கும் தள்ளிவிட்டுத் திருகை இறுக்கு. தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருந்தது என்று பழையதைக் கழற்றும்முன்னே பார்த்து வைத்துக்கொள், மிஷினுக்கு மிஷின் மாறும்.

---

கொழிஞ்சாம்பாறை ஆரி

நான் மிஷின் தலையில் ஒரு சின்ன காகிதம் ஒட்டி, ஊசி போட்ட தேதியும் நம்பரும் பென்சிலில் எழுதிவிடுவேன். மறந்துபோகிறது என்று சொன்னீர்களே, அதற்காக.

---

புளியரை தையல்

எழுதி ஒட்டிவிட்டேன் அக்கா. 14, இன்றைய தேதி. சாட்டின் லைனிங்கோடு இன்னொரு பிளவுஸ் அதே சேச்சியின் தங்கை கொடுத்திருக்கிறார், அதற்கு நாளைக் காலையில் 11 மாட்டுகிறேன்.